ஜன்னல் பணம்

கடை முழுக்கக் கண்ணாடி. சுவரில் கண்ணாடி, அலமாரியில் கண்ணாடி, கையால் தட்டினால் சுற்றும் தாங்கியிலும் கண்ணாடி. ஆனால் கைபேசியில் இருந்த எழுத்தைப் படிக்க, அந்தக் கடைக்காரரிடம் மட்டும் ஒரு கண்ணாடி இல்லை.

தொங்கியவை எல்லாம் வெறும் பிரேம்கள். படிப்பதற்கான லென்ஸ் கையிருப்பில் தீர்ந்துபோயிருந்தது. அவருடைய சொந்தக் கண்ணாடி நேற்று சாயங்காலம் வரை அவர் மூக்கின்மேல்தான் உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் வங்கி வாசலில் நிற்கும் வாட்ச்மேன் உள்ளே வந்தார். பேப்பர் படிக்க முடியவில்லை என்றார். "எவ்வளவு சார் ஆகும்?" என்று அவர் தயங்கிக் கேட்டதிலேயே பையில் எவ்வளவு இருக்கும் என்பது புரிந்துவிட்டது. சோதித்துப் பார்த்தால் கடைக்காரருக்கு என்ன பவரோ அதே பவர். உடனே தன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, வாட்ச்மேன் மூக்கில் மாட்டி, "பழைய சாமானுக்கு விலை கிடையாது, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தார்.

நேற்று அது நல்ல காரியமாகத்தான் இருந்தது. இன்று காலை லென்ஸ்காரர் போன் செய்த பிறகுதான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டோமோ என்று தோன்றியது.

"அண்ணே, உங்க நாப்பதாயிரம் செக்கை இன்னிக்கு பேங்க்ல போடறேன். மத்தியானம் மூணு மணிக்குப் பாஸாகும். கணக்குல பணம் இருக்குல்ல?"

"இதென்ன புதுசா கேக்கறீங்க? என் செக் என்னிக்காவது திரும்பியிருக்கா?"

"உங்களது திரும்பினதில்லை. நேத்து வேற ஒருத்தரது திரும்பிடுச்சு. அதிலேருந்து எல்லாரையும் கேக்கறேன். கோச்சுக்காதீங்க. இது பாஸானதும் புது லென்ஸ் அனுப்பிடறேன்."

கடைக்காரருக்குக் கோபமில்லை. அவர் செக் திரும்பாது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் திரும்பியதில்லை. இல்லாதவர்களுக்குப் பாதி விலையிலும், சில சமயம் வெறும் சிரிப்புக்கும் அவர் கண்ணாடி கொடுப்பார். அப்படியும் மாசம் பிறந்து செக் போகும் நாளில் கணக்கில் பணம் இருக்கும். எப்படி என்று அவர் நோண்டிப் பார்த்ததில்லை. கடவுள் கொடுக்கும்போது ரசீது கேட்பது மரியாதை இல்லை என்பது அவர் எண்ணம்.

"பாத்தியா? இந்த மாசமும் ஆண்டவன் கைவிடலை" என்பார் மனைவியிடம்.

"ஆமாங்க, ஆண்டவன்தான்" என்பார், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் அந்த அம்மா, திருத்திக்கொண்டிருக்கும் விடைத்தாளிலிருந்து தலை நிமிராமல்.

ஆனால் கேட்காத கேள்வியை லென்ஸ்காரர் கேட்டுவிட்டார். கேட்டது காதில் கரப்பான் பூச்சி மாதிரி குடைந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போன தடவை வந்தபோது கைபேசியில் வங்கிச் செயலியைப் போட்டுக் கொடுத்து, நாலு எண் ரகசியக் குறியும் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதைத் திறந்தார். எல்லாம் பஞ்சு மாதிரி மங்கலாக இருந்தது.

அவருக்கு ஒரு வழி தோன்றியது. கண் சோதிக்கும் எழுத்துப் பலகைக்குக் கீழே கைபேசியை நிற்கவைத்தார். தன் கடைக்கு வருகிறவர்களை எங்கே உட்காரவைப்பாரோ அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கண்ணைச் சுருக்கினார். பெரிய எழுத்தில் போட்டிருந்த இருப்பு மட்டும் தெரிந்தது.

கடையின் நடப்புக் கணக்கில் பதினோராயிரம்.

எழுந்து போய்த் திரையைத் தடவிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார். வீட்டுச் சேமிப்புக் கணக்கில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.

 செக் திரும்பினால் லென்ஸ் வராது. லென்ஸ் வராவிட்டால் கடை இல்லை. அதெல்லாம்கூடப் பரவாயில்லை, 'உங்களதும் திரும்பிடுச்சா அண்ணே?' என்று அந்த லென்ஸ்காரர் கேட்பாரே, அதைத்தான் தாங்க முடியாது.

சேமிப்பிலிருந்து முப்பதாயிரத்தை எடுத்துக் கடைக் கணக்கில் போட்டால் தீர்ந்தது. ஆனால் அது ஜன்னல் பணம்.

அவர்கள் வீட்டுச் சமையலறையில் பகலிலும் விளக்குப் போட்டால்தான் பாத்திரம் எது, மூடி எது என்று தெரியும். அந்தச் சுவரை இடித்து ஒரு பெரிய ஜன்னல் வைக்க வேண்டும், கூடவே ஒழுகும் கூரையையும் சரிசெய்துவிட வேண்டும் என்பது டீச்சரின் நெடுநாள் ஆசை. சம்பளம் வந்ததும் அதற்காக ஒதுக்குவார். ஆனால் சேமிப்பு ஏறுவதும் தெரியவில்லை, ஜன்னல் வருவதும் தெரியவில்லை.

"ஊருக்கெல்லாம் கூட்டல் சொல்லித் தர்றே, உன் கணக்கு மட்டும் ஏன் கூடவே மாட்டேங்குது?" என்று கடைக்காரர் கிண்டல் செய்வார்.

"ஜன்னல் எங்கே ஓடிப் போகப்போகுது? வரும்போது வரட்டும்" என்பார் டீச்சர்.

இந்த வருஷம்தான் ஒருவழியாகக் கொத்தனாரிடம் பேசி, அடுத்த மாசம் வரச் சொல்லியிருந்தார். அந்தப் பணத்தில் போய்க் கை வைப்பதா? 'திருட்டு இல்லை, கைமாற்று. ஒரே மாசத்தில் திருப்பி வைத்துவிடலாம்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மனசு அதை ஏற்றுக்கொள்ளாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா கண்ணாடியின் காதுக் கம்பி கழன்றுவிட்டது என்று வந்தார். திருகாணியைத் தடவித் தடவியே மாட்டி அனுப்பினார். காசு வேண்டாம் என்றார். பிறகு கடவுளை நினைத்துக் கண்ணை மூடித் திறந்து, கைபேசியை எடுத்தார்.

திரையில் இரண்டு கட்டங்கள். ஒன்று மேலே, ஒன்று கீழே. எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு என்பது அவற்றுக்குள் பொடி எழுத்தில் இருந்தது. கையை நீட்டிப் பார்த்தார். கை போதவில்லை. வீடு முதலில், கடை அப்புறம் என்பது அவர் வாழ்நாள் கொள்கை. ஆகவே மேலே இருப்பது வீடாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தார். கடைக்காகத்தானே அப்பா செயலியைத் திறப்பார் என்று மகள் கடையை மேலே வைத்திருந்தது அவருக்குத் தெரியாது.

முப்பதாயிரம் போட்டு, ரகசியக் குறியை அழுத்தினார். பச்சை நிறத்தில் பெரிய டிக் வந்தது.

"அப்பாடா" என்று கைபேசியை மறுபடி எழுத்துப் பலகைக்குக் கீழே வைத்துவிட்டு நாற்காலிக்கு ஓடினார்.

கடையில் பதினோராயிரம். வீட்டில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். ஒரு பைசா அசையவில்லை.

"டிக் வந்துதே!" என்று கைபேசியைப் பார்த்துக் கேட்டார்.

போய்ச் சேர நேரம் ஆகுமோ என்னவோ. கடையைப் பெருக்கினார். பிரேம்களைத் தூசி தட்டினார். பொறுமை தீர்ந்ததும், இன்னொரு தடவை முப்பதாயிரம் போட்டார். மறுபடியும் பச்சை டிக். மறுபடியும் நாற்காலி. மறுபடியும் அதே பதினொன்று, அதே இரண்டு லட்சத்துப் பத்து.

இனி தனியாகச் சமாளிக்க முடியாது என்று தோன்றிவிட்டது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரைக் கூப்பிட்டார். தெருவே அவரை 'யோசனை' என்றுதான் கூப்பிடும். கேட்டாலும் யோசனை சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

யோசனை திரையைப் பார்த்தார். கடைக்காரரைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க தலைகீழா அனுப்பியிருக்கீங்க. கடையிலேருந்து வீட்டுக்குப் போயிருக்கு. ரெண்டு தடவையும்!"

"ஐயையோ! அப்போ கடைக் கணக்குல குறைஞ்சிருக்கணுமே? குறையலையே?"

"முதல்ல எவ்வளவு இருந்துச்சு?"

"பதினோராயிரம்."

"அதுலேருந்து ரெண்டு முப்பதாயிரம் போயிருக்கு. மிச்சம்?"

"பதினோராயிரம்."

யோசனை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"நல்ல கணக்கா இருக்கே அண்ணே. எனக்கும் இந்த மாதிரி ஒரு கணக்கு ஆரம்பிச்சுக் குடுங்களேன்" என்றார் யோசனை.

"விளையாடாதேய்யா. மூணு மணிக்கு செக்!"

"சரி சரி. மேலே வீடு, கீழே கடை. இப்போ நேராப் போட்டுட்டேன். ரகசியக் குறியை அழுத்துங்க."

அழுத்தினார். டிக் வரவில்லை. சிவப்பில் ஏதோ வந்தது. யோசனை படித்தார்: "இன்றைய பரிமாற்ற வரம்பு முடிந்துவிட்டது."

"ரெண்டே தடவைதானே அனுப்பினேன்! அதுக்குள்ள எப்படி முடியும்?"

"கம்ப்யூட்டர்ல எதுவும் நடக்கும் அண்ணே. அதை விடுங்க, வரம்பை ஏத்திக்கலாம்னு போட்டிருக்கு. ஒரு ஆறு இலக்க எண் வரும், அதை அடிச்சா போதும். இந்தா, அனுப்பியாச்சாம். பாருங்க வந்திருக்கான்னு."

வரவில்லை. வராது. கைபேசியை வாரத்துக்கு ஓரிடத்தில் மறந்து வைக்கிறவர் இவர் என்பதால் வங்கியில் டீச்சரின் எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள்.

"டீச்சரைக் கேட்டு வாங்கிக்குங்க. கடையில ஆள் நிக்கறாங்க" என்று யோசனை கழன்றுகொண்டார். தெருவில் யோசனை சொல்கிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் கழன்றுகொள்வார்கள்.

கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு மனைவிக்குப் போன் போட்டார். பின்னணியில் பிள்ளைகள் சத்தம் கேட்டது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்லை. சும்மாதான். உன் போனுக்கு ஒரு ஆறு நம்பர் வந்திருக்கா?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"வந்திருக்கு. நீங்க எதுக்குங்க அதைக் கேக்கறீங்க?"

"கடைக் கணக்குல ஒரு சின்ன வேலை. சொல்லேன்."

"யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு இதுலயே போட்டிருக்கே."

"நான் யாரோவா?"

"யாரா இருந்தாலும்னுதான் போட்டிருக்கு. முதல்ல நீங்க எங்க வீட்டுக்காரர்தானா?"

"என் குரல் தெரியலையா உனக்கு?"

"குரலையெல்லாம் இப்போ மெஷினே பேசுதாம். நேத்துதான் ஸ்டாஃப் ரூம்ல சொல்லிட்டிருந்தாங்க. எங்க வீட்டுக்காரர் இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட பேங்க் விஷயமா என்கிட்ட பேசினதில்லை. சொல்லுங்க, நம்ம கல்யாண நாள் என்னிக்கு?"

கடைக்காரர் சுவரில் நாட்காட்டியைத் தேடினார்.

"அன்னிக்கு நல்ல மழை."

"தேதி கேட்டேன்."

"மழை பெய்யற மாசம்தான்."

"எனக்குப் பிடிச்ச கலர்?"

"நீலம்!" என்றார் உற்சாகமாக.

"பச்சை."

"உன் டிரஸ் எல்லாம் நீலமாத்தானே இருக்கு?"

"நீங்க வாங்கித் தர்றது நீலம். சரி, கடைசிக் கேள்வி. என் கண்ணுக்கு என்ன பவர்?"

"இடது ஒண்ணேகால், வலது ஒண்ணரை. வலது கண்ணுல லேசா ஒரு சாய்வு உண்டு. வாசல் கதவு லென்ஸ் மேல பட்டுக் கீறல் விழுந்துச்சு, மாத்திக் குடுத்தேன். கறுப்பு பிரேம் மூக்குல தழும்பு போடுதுன்னு லேசான பிரேம் தேடி நாலு கடை அலைஞ்சேன்" என்று மூச்சு விடாமல் சொன்னார் கடைக்காரர்.

 பிறகு டீச்சரின் குரல் கொஞ்சம் இறங்கி வந்தது.

"அது கடை ஃபைல்ல இருக்கும். திருடன் பாத்திருப்பான். பெல் அடிச்சாச்சு, ஒன்பதாம் வகுப்பு காத்திட்டிருக்கு. வெச்சுடறேன்."

வைத்துவிட்டார்.

மணி ஒன்று. கடைக்காரர் சோர்ந்துபோய்த் திரையைப் பார்த்தார். ஆறு கட்டங்கள் காலியாக இருந்தன. டீச்சருக்கு வந்த எண்தானே, டீச்சருக்குப் பிடித்த எண்ணாகத்தான் இருக்கும் என்று ஒரு எண்ணம் ஓடியது. அவர் பிறந்த நாளைப் போட்டார். தவறு. மகள் பிறந்த நாளைப் போட்டார். தவறு. கல்யாண நாளை உத்தேசமாகப் போட்டார். அது எப்படியும் தவறு.

திரை முழுக்கச் சிவப்பானது. இந்தத் தடவை எழுத்து பெரிதாக இருந்ததால் அவரே படித்துவிட்டார். உங்கள் இணைய வங்கிச் சேவை பூட்டப்பட்டது. கிளையை அணுகவும்.

பாஸ்புக்கைத் தடவித் தேடி எடுக்கவே அரை மணி ஆனது. கடையைப் பாதி இழுத்துவிட்டு ஓடினார்.

வங்கி இரண்டு தெரு தள்ளி. வாசலில் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மூக்கில் கடைக்காரரின் கண்ணாடி பளபளவென்று இருந்தது.

"சார், வாங்க வாங்க! எழுத்தெல்லாம் முத்து முத்தாத் தெரியுது சார். நாலு பக்கமும் படிச்சுட்டேன். விளம்பரத்தைக்கூட விடலை."

"நல்லா இருங்க" என்று மூச்சிரைக்கச் சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தவர், அப்படியே நின்றார்.

கவுன்ட்டருக்கு முன்னால் குடையை மடியில் வைத்துக்கொண்டு டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

டீச்சரும் இவரைப் பார்த்துவிட்டார். கேள்வித்தாளோடு பிடிபட்ட மாணவர்கள் மாதிரி இரண்டு பேரும் விழித்தார்கள்.

"நீ எங்கே இங்கே?"

"நீங்க எங்கே இங்கே?"

"கடையில ஒரு வேலை."

"எனக்கும் ஸ்கூல்ல ஒரு வேலை."

"ஸ்கூல் வேலைக்கு பேங்குக்கா வருவே?"

"கடை வேலைக்கு நீங்க வரலையா?"

கவுன்ட்டரில் இருந்த இளம்பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒரே கணக்குதானே? பூட்டியிருக்கறதை நீக்கத்தான் வந்திருக்கீங்களா?"

"ஆமா" என்றார்கள் இருவரும். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. பணம் போவதும் வருவதுமாகக் காலையிலிருந்து டீச்சரின் கைபேசிக்குச் செய்தி போயிருக்கும். யாரோ திருடன் ஜன்னல் பணத்தில் புகுந்துவிட்டான் என்று பதறி, பள்ளிக்கூடத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். அந்தத் திருடன் இதோ எதிரிலேயே நிற்கிறான். இதற்கு மேல் மறைத்தால் கடவுள் மன்னிக்க மாட்டார்.

ஆனால் முதலில் செக். "அம்மா, மூணு மணிக்கு நாப்பதாயிரத்துக்கு ஒரு செக் வருது. கடைக் கணக்குல பணம் இல்லை. சேமிப்புலேருந்து முப்பது மாத்தணும்" என்றார் கவுன்ட்டர்ப் பெண்ணிடம், குரலைத் தாழ்த்தி.

"அவ்வளவுதானா? இங்கேயே மாத்திடலாம். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

கடைக்காரர் பேனாவை எடுப்பதற்குள் டீச்சர் கையெழுத்தைப் போட்டுவிட்டார். எதற்கு என்று கேட்கவில்லை, எவ்வளவு என்றும் கேட்கவில்லை.

அந்தப் பெண் விசையைத் தட்டினாள். "ஆச்சு சார். இனி செக் பாஸாகிடும்."

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். வாழ்க்கையில் முதல் தடவையாக, வங்கி நடுவில், நாலு பேர் பார்க்க, கைகட்டி நின்றார்.

"டீச்சர், நான்தான் அந்தத் திருடன். உன்னைக் கேக்காம ஜன்னல் பணத்துல கை வெச்சுட்டேன். அனுப்பறேன் அனுப்பறேன்னு தலைகீழா அனுப்பி, எல்லாத்தையும் பூட்டிட்டேன். அடுத்த மாசமே திருப்பி வெச்சுடறேன். கொத்தனாரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லலாம். இதுவரைக்கும் உன் பணத்துல ஒரு பைசா எடுத்ததில்லை, இதுதான் முதல் தடவை. கடையை எப்பவும் ஆண்டவன்தான் நடத்திக் குடுத்தாரு, இந்த மாசம் என்னமோ மறந்துட்டாரு."

டீச்சர் குடைக் கம்பியை எண்ணிக்கொண்டிருந்தார். "சரி சரி, பரவாயில்லை. வாங்க, போகலாம். ஒன்பதாம் வகுப்பு தனியா இருக்கு."

"இல்லை, நீ என்னைத் திட்டணும்."

"சாயங்காலம் திட்டறேன். இப்போ வாங்க."

இத்தனை அவசரமாக மன்னிப்புக் கிடைத்தது கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை. நல்ல மனுஷியை ஏமாற்றியதற்கு அத்தாட்சியோடு மன்னிப்புக் கேட்டால்தான் அவர் மனசு ஆறும்.

"அம்மா, நான் எப்போ எடுத்தேன், எவ்வளவு எடுத்தேன்னு அதுல இருக்குமே, காட்டுங்க" என்றார் கவுன்ட்டர்ப் பெண்ணிடம்.

"அதெல்லாம் எதுக்குங்க?" என்றார் டீச்சர் சட்டென்று. "வேண்டாம்மா, மூடிடு."

"காட்டுங்கம்மா. இன்னிக்கு எல்லாம் தெரிஞ்சாகணும்."

அந்தப் பெண்ணின் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. கணினித் திரையைக் கடைக்காரர் பக்கம் திருப்பினாள். "நீங்களே பாருங்க சார்."

கடைக்காரர் குனிந்தார். பின்னால் சாய்ந்தார். எறும்பு வரிசை மாதிரி ஏதோ தெரிந்தது. கண் சோதிக்கும் நாற்காலி இருந்தால் தேவலை.

"ஒண்ணும் தெரியலையே" என்றார். திரும்பிப் பார்த்தார். வாசலில் அவருடைய கண்ணாடி உட்கார்ந்திருந்தது. "வாட்ச்மேன்! கொஞ்சம் இங்கே வந்து இதைப் படிச்சுச் சொல்லுங்களேன்."

வாட்ச்மேன் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சந்தோஷமாக வந்தார். டீச்சர் எழுந்து குறுக்கே நிற்கப் பார்த்தார். அதற்குள் வாட்ச்மேன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்கு முன்னால் குனிந்துவிட்டார். விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு மேலிருந்து கீழே போனார். விரல் போய்க்கொண்டே இருந்தது. கவுன்ட்டர்ப் பெண் பக்கத்தைத் தள்ளிவிட்டாள். அப்புறமும் விரல் போனது.

பிறகு அவர் நிமிர்ந்தார். டீச்சரைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"சார், நீங்க எதையும் எடுக்கலை, இன்னிக்கு அம்மா உங்க கடைக்கு ரெண்டு தடவை அனுப்பின முப்பதாயிரத்தைத்தான் ரெண்டு தடவையும் திருப்பி அனுப்பியிருக்கீங்க, அதுக்குக் கீழே மாசாமாசம் இதே தேதியில வீட்டுக் கணக்குலேருந்து உங்க கடைக்கு அம்மா அனுப்பினது போயிட்டே இருக்கு சார், எனக்குத்தான் படிச்சு முடிக்க முடியலை."